ஹெர்ப் புரூக்ஸ்: ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஹெர்ப் புரூக்ஸை எல்லாரும் 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் கோச் என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டக்காரராக எப்படி?

பதில்: நன்றாக ஆடியவர், நல்ல வேகம். மின்னசோட்டா மாநிலத்து செயின்ட் பால்காரர். 1955-இல் பள்ளி அணியோடு மாநிலப் பட்டம், அப்புறம் மின்னசோட்டா பல்கலைக்கழக அணி. 1964, 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஆடினார். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள 1960-க்குப் போக வேண்டும். ஸ்குவா வேலி ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில், கடைசி ஆளாக அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அணி தங்கம் வென்றதை அவர் அப்பாவோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தார். 20 வருடம் கழித்து அதே போல் கடைசி ஒருவரை நீக்கும் வேலை அவர் தலையிலேயே விழுந்தது. நீக்கப்பட்டவர் ரால்ஃப் காக்ஸ். அந்த முடிவின் வலி புரூக்ஸ் அளவுக்குத் தெரிந்த கோச் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

கேள்வி: 1980 பிப்ரவரி 9-இல் சோவியத்திடம் 10-3 என்று தோற்ற அவருடைய அமெரிக்க மாணவர் அணி, 22-ஆம் தேதி ஒலிம்பிக்கில் அதே சோவியத்தை 4-3 என்று ஜெயித்ததே. அதிர்ஷ்டம்தானே?

பதில்: அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்கவில்லை. ஐஸ் ஹாக்கி ஆட்டம் மூன்று பகுதி. முதல் பகுதி முடிய ஒரு நொடி இருக்கும்போது அமெரிக்காவின் மார்க் ஜான்சன் கோல் போட, சோவியத் கோச் டிகோனோவ் தன் பேர்பெற்ற கோல்கீப்பர் ட்ரெட்யாக்கையே வெளியே எடுத்துவிட்டார். ஆனால் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். 3-2 என்று பின்தங்கியிருந்தவர்கள் 81 நொடிக்குள் இரண்டு கோல் போட்டார்கள். எதிரணியைக் கடைசிப் பகுதியில் களைக்க வைப்பதே சோவியத்தின் வழக்கம். அந்த நேரத்திலும் ஓடக்கூடிய உடம்பை புரூக்ஸ் மாதக்கணக்கில் தயார் செய்திருந்தார். பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டை முன்னால் அடித்துவிட்டுத் துரத்துவதுதான் வட அமெரிக்கப் பாணி. புரூக்ஸோ அதை மட்டையிலேயே வைத்துக்கொண்டு, ஒருவர் இடத்தை ஒருவர் மாற்றி ஆடச் சொன்னார். சோவியத்காரர்களிடமே கற்ற பாடம் அது.

கேள்வி: அதோடு தங்கம் கிடைத்துவிட்டதா?

பதில்: இல்லை. 24-ஆம் தேதி பின்லாந்தை 4-2 என்று வென்ற பிறகுதான்.

கேள்வி: ஆட்டக்காரர்களை ரொம்பக் கொடுமைப்படுத்துவாராமே?

பதில்: ஆமாம். 1979 செப்டம்பர், ஆஸ்லோ. நார்வேயோடு 3-3 டிரா. ஆட்டம் முடிந்ததும் அணியை அப்படியே பனியில் நிறுத்தி, கோட்டுக்குக் கோடு ஓட விட்டார். அரங்கத்தில் விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் ஓட்டம் தொடர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, இன்று யாராவது செய்தால் எதிர்ப்பேன். ஆனால் அணியில் இருந்த பாஸ்டன் பையன்களுக்கும் மின்னசோட்டா பையன்களுக்கும் ஏற்கெனவே பகை இருந்தது. கோபத்தை எல்லாம் அவர் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆறுதல் சொல்ல உதவிக் கோச் கிரெய்க் பேட்ரிக் இருந்தார்.

கேள்வி: வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் ஏன் சாதிக்கவில்லை சார்?

பதில்: நியூயார்க் ரேஞ்சர்ஸில் 1981 முதல் 1985 வரை நன்றாகவே செய்தார். 1982, 83, 84 மூன்று முறையும் சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றான பிளே-ஆஃபில் ஐலண்டர்ஸ் அணி குறுக்கே நின்றது. மற்ற மூன்று அணிகளில் அதிகம் நிலைக்கவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ரேஞ்சர்ஸ் கோச்சாக இருந்தவர், 1986-87-இல் செயின்ட் கிளவுட் என்ற சிறிய கல்லூரி அணிக்குப் போய், அது கல்லூரி ஹாக்கியின் மேல்மட்டமான முதல் டிவிஷனுக்கு ஏற வழி செய்தார். 1998 ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணிக்கும் கோச். 2002 ஒலிம்பிக்கில் மறுபடி அமெரிக்கா: அரையிறுதியில் ரஷ்யாவை வென்று, இறுதியில் கனடாவிடம் தோற்று வெள்ளி. மறு வருடமே கார் விபத்தில் போய்விட்டார், வயது 66.