பால்சுறா வேண்டாம், நெத்திலி போதும்

முதலில் உங்கள் மகளைப் பயப்படாமல் பால் கொடுக்கச் சொல்லுங்கள். திருமங்கலத்திலிருந்து வந்த உங்கள் கடிதத்தில் கல் உப்பு, ராமேஸ்வரம் குளியல், கருவாடு என்று பலதும் இருக்கின்றன. ஆனால் பிள்ளை பெற்று 40 நாளான அவருக்கு உள்ளது ஒரே பயம்தான்: கடலில் கலந்த பாதரசம் பால் வழியாகக் குழந்தைக்குப் போய்விட்டதோ?

கடல் தண்ணீரில் பாதரசம் உண்டு. நடுக்கடலில் லிட்டருக்கு ஒரு நானோகிராம்கூடத் தேறாது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் கீழே. அக்னி தீர்த்தத்தில் முங்கியதாலோ கல் உப்பாலோ ஒன்றும் ஆகாது.

விஷயம் மீனுக்குள்தான் இருக்கிறது. நுண்ணுயிர்கள் பாதரசத்தை, உடம்பில் எளிதில் தங்கிவிடும் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்ன, அதைச் சுறா தின்ன, ஒவ்வொரு வயிற்றிலும் அது சேர்ந்துகொண்டே போகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டில் நெத்திலி, சாளையில் சராசரியாகக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கும் குறைவு. சுறாவில் 1 மில்லிகிராமை நெருங்குகிறது. சதையோடு ஒட்டியிருப்பதால் மஞ்சள் போட்டு அலசினாலும் புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும் போகாது.

நீங்களோ ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து நெத்திலியை நிறுத்திவிட்டு, பால் ஊறட்டும் என்று வாரம் இரண்டு முறை சுறாப்புட்டு கிண்டிக் கொடுக்கிறீர்கள். என் அம்மாவும் என் தங்கைக்கு இதைத்தான் கொடுத்தார். அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தை அடிக்கடி சப்பிக் குடித்தாலே பால் ஊறும். பால்சுறா சிறியதுதான், இருந்தாலும் பால் கொடுக்கும்வரை எந்தச் சுறாவும் வேண்டாம். நெத்திலியும் சாளையும் வாரம் இரண்டு நாள் தாராளமாகக் கொடுங்கள். இதுவரை சாப்பிட்டதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. மெத்தில் பாதரசம் 50 முதல் 70 நாளில் தானாகவே பாதியாகிவிடும்.

என்னைக் கோபப்படுத்தியது அந்த ‘நச்சு நீக்கும்’ காப்ஸ்யூல். ஆன்லைனில் வாங்கி, யாரையும் கேட்காமல் மகளுக்கு 10 நாளாகவா கொடுக்கிறீர்கள்? இன்றே நிறுத்துங்கள். இப்படி விற்கும் பொடிகளிலேயே காரீயமும் பாதரசமும் இருப்பதுண்டு. போன மாதம் ஒருவர் சாம்பல் நிறப் பொடி ஒன்றை என் மேசையில் வைத்தார். டப்பாவில் ‘மூலிகை’ என்பதைத் தவிர ஒரு சேர்மானமும் எழுதியிருக்கவில்லை. உலோகத்தை வெளியேற்ற உண்மையான மருந்துகள் உண்டு. ரத்தத்தில் அளவு பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் அவற்றைக் கொடுப்போம்.

அப்புறம், கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, ராத்திரியில் மகளுக்கு வலது கை விரல்கள் மரத்துப்போகின்றன என்று. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மட்டும் மரத்து, கையை உதறினால் சரியானால் அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. பிரசவத்தை ஒட்டிப் பலருக்கும் வருவதுதான். பாதரசம் அப்படிக் காட்டாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோயில் இரண்டு கை, இரண்டு கால், உதட்டைச் சுற்றி என்று மரமரப்பு வந்தது. நடை தள்ளாடியது, பக்கப் பார்வை சுருங்கியது. உதட்டோரம் மரத்தாலோ, நடக்கும்போது கால் தடுமாறினாலோ, காத்திருக்காமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துப் போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் காப்ஸ்யூல் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.