“சார், ஒரு சந்தேகம்!”: பாடத்தை ஓடவிடாத வகுப்புத் தோழனை என்ன செய்வது?

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். எங்கள் வகுப்பில் ஒருவன் எந்தப் பாடத்தையும் பத்து நிமிடம் ஓடவிட மாட்டான். “சார், ஒரு சந்தேகம்” என்று எழுந்துவிடுவான். பெரும்பாலும் சந்தேகமே இருக்காது. சார் சொன்ன எண்ணிலோ பெயரிலோ ஏதாவது நொட்டை சொல்வான். ஏற்காட்டு பாக்சைட் (அலுமினியத் தாது) பாடத்தின் நடுவில் ஊரின் உயரம் 1,500 மீட்டரா 1,515 மீட்டரா என்று ஆரம்பித்தான்; மணி அடித்துவிட்டது. இன்னொரு நாள், சார்னோகைட் தீப்பாறையா உருமாறிய பாறையா என்று குறுக்கு விசாரணை. பாடம் பின்தங்கிவிட்டது, இன்டர்னல் நெருங்குகிறது. இவனை எப்படி நிறுத்துவது? துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: எழுதிக் கொடுப்பதைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் சொன்ன இரண்டு கேள்விகளையும் பார்த்தால், அவை ஒரே ரகம் இல்லை.

முதலில் உயரம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பாக்சைட் உண்டான கதை ஒரு சங்கிலி மாதிரிதான் நடத்த முடியும். அடியில் இருப்பது சார்னோகைட் என்ற பாறை. மழைநீர் இறங்க இறங்க அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைகிறது. சோடியமும் கால்சியமும் கரைந்து போய்விடுகின்றன. சிலிக்காவும் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் தங்கிவிடுகின்றன. அந்த மிச்சம்தான் பாக்சைட். ஆசிரியர் சிலிக்கா வரை வந்திருக்கிறார் என்று வையுங்கள். அந்த நேரத்தில் “சார், 1,515 தானே?” என்றால் என்ன ஆகும்? எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டருக்கும் மேல் என்று அவர் விளக்க ஆரம்பிப்பார். பின்வரிசையில் ஒருவர் கூகுளைத் திறப்பார், இன்னொருவர் சிரிப்பார். திரும்பிப் பாடத்துக்கு வரும்போது சிலிக்கா யார் மனத்திலும் இருக்காது.

மனிதர்கள் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிப் பிடிக்கும் விஷயங்கள் சுமார் நான்குதான் என்று நெல்சன் கவன் என்ற உளவியலாளர் 2001-இல் எழுதினார். பாக்சைட் சங்கிலியில் மட்டுமே அத்தனை கண்ணிகள் இருக்கின்றன. புதிதாக ஓர் எண் உள்ளே வந்தால் பழையது ஒன்று கீழே விழும். உங்கள் எரிச்சலுக்கு நியாயமான காரணம் இதுதான். அந்தப் பையனின் குரலோ கை தூக்கும் தோரணையோ இல்லை.

இப்போது சார்னோகைட். இதில் நான் அவன் பக்கம். 1900-இல் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி விரிவாக எழுதியபோது அதைத் தீப்பாறை, அதாவது உருகிய குழம்பு இறுகி உண்டானது என்றே கருதினார். பின்னால் வந்தவர்கள் பலர், நிலத்துக்கடியில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது என்றார்கள். இரண்டு வழியிலும் உண்டாகலாம் என்பவர்களும் உண்டு. பல பத்தாண்டுகள் நடந்த வாதம் அது. அதை ஒரு மாணவன் வகுப்பில் எழுப்பினால் ஆசிரியர் சந்தோஷப்பட வேண்டும். பாடத்தை நிறுத்தியது என்பதற்காக அதையும் நொட்டைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இன்னும் சொல்லப்போனால், தேர்வில் அது ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்தால் நீங்கள் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளித் தமிழ் இலக்கணத்தில் வினா ஆறு வகை என்று படித்திருப்பீர்கள். நன்னூல் சொல்லும் கணக்கு அது. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐய வினா. விடை தனக்குத் தெரிந்திருந்தும் அடுத்தவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவரைக் கேட்கும் வினாவைத்தான் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். சார்னோகைட் பற்றி அவன் கேட்டது சுத்தமான ஐய வினா. 1,515 தானே என்றது அறிவினா. மாணவன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறான். வகுப்புக்கு உறுத்துவது அந்த இடமாற்றம்தான். ஒரு வாரம் நோட்டின் ஓரத்தில் சின்னதாகக் குறித்துப் பாருங்கள்: எது ஐயம், எது அறிவு. நீங்கள் நினைப்பதைவிட ஐயம் அதிகமாக இருக்கலாம்.

சரி, அறிவினா வந்துவிட்டது, பாடம் நின்றுவிட்டது. அப்போது செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது: மொத்த வகுப்பும் சேர்ந்து ‘உச்’ கொட்டுவது. அதனால் அவன் அடங்கப் போவதில்லை. ‘இவங்களுக்குப் படிப்புல அக்கறை இல்லை’ என்ற நினைப்பு அவனுக்கு இன்னும் உறுதியாகும். ஆசிரியரும் வேறு வழியில்லாமல் அவனுக்குத்தான் ஆதரவாகப் பேசுவார்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ தறி பார்த்திருப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால், ஏன் அறுந்தது என்று யாரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பதில்லை. அறுந்த முனையைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வார்கள். வகுப்பில் அந்த முடிச்சை நீங்கள் போடுங்கள். ஆசிரியர் உயரத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்தும் அந்த நொடியில் கையைத் தூக்கி, “சார், சிலிக்கா கரைஞ்சு போயிடும்னு சொல்லிட்டிருந்தீங்க. அலுமினியம் மட்டும் ஏன் சார் போகல?” என்று கேளுங்கள். யாரையும் குறை சொன்னதாக ஆகாது. பாடம் விட்ட இடத்துக்கு வந்துவிடும். எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும் அது பெரிய உதவி. நானும் வகுப்பெடுத்தவன்தான், இப்படிக் கைகொடுக்கும் மாணவியை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார்.

உங்களுக்குக் கொஞ்சம் கசக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் ஓயாமல் பேசுகிறான் என்றால் மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை என்றும் அர்த்தம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மாணவர்களின் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். நம் ஊர் வகுப்புகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கேள்வியை மனத்துக்குள் ஆங்கிலத்தில் கோத்துக்கொண்டிருக்கும்போதே, சரளமாகப் பேசத் தெரிந்தவன் எழுந்துவிடுகிறான். நீங்கள் தமிழிலேயே கேளுங்கள். ‘ஃபெல்ட்ஸ்பார்’, ‘சிலிக்கா’ எல்லாம் தமிழில் பேசினாலும் அதேதான். நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு தானாக ஆசிரியரிடம் வந்துவிடும்.

அவனிடம் நேரில் பேசலாமா என்றால், பேசலாம். ஆனால் தனியாக; கேன்டீனில் ஏழெட்டுப் பேர் சூழ்ந்து நின்றுகொண்டு வேண்டாம். ‘எல்லாருமே சொல்றாங்க’ என்ற வார்த்தையை எடுக்கவே எடுக்காதீர்கள். அது பஞ்சாயத்து ஆகிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீ அன்னைக்கு சார்னோகைட் பத்திக் கேட்டது எனக்கு உபயோகமா இருந்துச்சுப்பா. ஆனா இந்த உயரம், வருஷம் மாதிரி விஷயத்தை சார் முடிச்சப்புறம் கேளேன். நடுவுல கேட்டா எனக்குப் பாடம் விட்டுப்போயிடுது.” எனக்கு என்று சொல்வதுதான் முக்கியம். உன் குணம் சரியில்லை என்றால் மறுத்துப் பேசுவான். எனக்குப் பாடம் விட்டுப்போகிறது என்பதை எப்படி மறுப்பான்? சிலருக்குத் தாங்கள் இப்படிச் செய்வதே தெரியாது. ஒரு தவறான எண் காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போகவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘நோட்டில் குறித்து வைத்துக்கொள், கடைசியில் கேள்’ என்று ஒரு வழியைக் காட்டினால் சண்டையில்லாமல் முடிந்துவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால், பாடம் நடத்தும் ஆசிரியரிடமே போங்கள். அவனை நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டாம். ஓர் ஏற்பாடு கேளுங்கள். கரும்பலகையின் ஓரத்தில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு கடைசிப் பத்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியுமா என்று. ஆசிரியர்கள் பக்கத்துச் சிக்கல் ஒன்று மாணவர்களுக்குத் தெரிவதில்லை. அந்த இடத்திலேயே பதில் சொல்லாவிட்டால் தனக்குத் தெரியவில்லை என்று வகுப்பு நினைத்துவிடுமோ என்ற கூச்சம் அவர்களுக்கும் உண்டு. நாலு மாணவர்கள் வந்து ‘கடைசியில் சொன்னால் போதும் சார்’ என்றால் அந்தக் கூச்சம் போய்விடும்.

துறைத்தலைவருக்கு எழுதுவது இவை எதுவும் பலிக்காமல், பாடமும் உண்மையிலேயே முடியாமல் நிற்கும்போது மட்டும். அப்போதும் அந்தப் பையனின் பெயர் கடிதத்தில் வேண்டாம். எந்தத் தாள், எத்தனை யூனிட் முடிந்திருக்கிறது, இன்டர்னலுக்கு எந்த யூனிட் வரை கேட்கிறார்கள், எத்தனை வகுப்பு கூடுதலாகத் தேவை: இவ்வளவு இருந்தால் போதும். பெயர் இருந்தால் அது புகார். விசாரணை, சமாதானம் என்று நாள் ஓடும். இப்படி எழுதினால் கோரிக்கை. சனிக்கிழமை ஒரு சிறப்பு வகுப்பு போட்டாலே தீர்ந்துவிடும். இன்டர்னல் நெருங்குகிறது என்கிறீர்கள், ஆகவே அந்த யூனிட் கணக்கை மட்டும் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.