பெயர் ஒன்று, பாராமீட்டர் இரண்டு: கோப்புகளை இணைத்தால் தீருமா?

கேள்வி: எங்களுடையது சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகம். ஒரு மருத்துவமனைத் திட்டத்துக்குக் கதவு ஃபேமிலிகளை (ஆயத்தக் கதவு மாதிரிகளை) வேறொரு நிறுவனம் செய்து தருகிறது. அவற்றை ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளில் ஏற்றியதிலிருந்து, ஷெட்யூலில் (கதவுகளின் விவர அட்டவணையில்) 'ஹார்டுவேர் செட்' (கீல், பூட்டு போன்றவற்றின் தொகுப்பு) என்ற பெயர் இரண்டு முறை வருகிறது. அவர்களுடைய கதவுகளில், வரைபடத்தில் விவரத்தைக் காட்டும் எங்கள் டேக் வெறுமையாகத் தெரிகிறது. இரு நிறுவனங்களின் ஷேர்டு பாராமீட்டர் (பல ஃபேமிலிகளும் திட்டங்களும் பகிரும் விவரப் புலம்) கோப்புகளையும் ஒன்றாக இணைத்துவிடலாமா?

பதில்: இணைப்பதால் இந்தச் சிக்கல் தீராது. ரெவிட் ஒரு ஷேர்டு பாராமீட்டரைப் பெயரால் அல்ல, அதை உருவாக்கும்போது கொடுக்கப்படும் ஜி.யு.ஐ.டி. என்ற 32 இலக்கக் குறியீட்டால்தான் அடையாளம் காண்கிறது; பெயர் ஒன்றாக இருந்தும் ஆதார் எண் வேறாக உள்ள இருவரைப் போலத்தான் உங்கள் இரண்டு 'ஹார்டுவேர் செட்'களும். தவிர, பாராமீட்டரின் வரையறை ஒருமுறை ஃபேமிலிக்குள் சென்றுவிட்டால் அங்கேயே தங்கிவிடும் என்பதால், வெளியே இருக்கும் டெக்ஸ்ட் கோப்பில் என்ன செய்தாலும் ஏற்கெனவே ஏற்றப்பட்ட கதவுகள் மாறமாட்டா.

முதலில் இரு கோப்புகளையும் நோட்பேடில் திறந்து, அந்தப் பெயருள்ள வரியின் குறியீட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கையால் திருத்த வேண்டாம் என்று கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. பிறகு, இந்தத் திட்டத்துக்கு யாருடைய கோப்பு என்பதை எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஷெட்யூலும் டேக்கும் உங்களுடையவை என்பதால் அது உங்கள் கோப்பாக இருப்பதே முறை. அவர்கள் தங்கள் ஃபேமிலியைத் திறந்து, அந்தப் பாராமீட்டரைத் தற்காலிகப் பெயரில் சாதாரண ஃபேமிலி பாராமீட்டராக மாற்றி, மீண்டும் உங்கள் கோப்பிலிருந்து ஷேர்டு பாராமீட்டராக மாற்றித் தர வேண்டும். டேட்டா டைப் (எழுத்து, எண், நீளம் போன்ற வகை) இரண்டிலும் ஒன்றாக இருப்பது அவசியம். திட்டத்துக்குள் அந்தக் கதவுகளுக்கு ஏற்கெனவே மதிப்புகள் நிரப்பியிருந்தால் மாற்றத்தில் அவை போய்விடக்கூடும். கதவு எண்ணுடன் சேர்த்து ஷெட்யூலை முன்கூட்டியே ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. அவர்களுடைய மாடலை லிங்க்காக (தனிக் கோப்பாகவே இருந்து உங்கள் மாடலில் தெரியும்படி) மட்டும் வைத்திருந்து, அதன் பொருள்களை உங்கள் ஷெட்யூலில் சேர்க்காமலும் உங்கள் டேக்கால் குறிக்காமலும் இருந்தால், குறியீடுகள் வேறாக இருப்பதால் உங்களுக்குத் தீங்கில்லை, அப்படியே விட்டுவிடலாம். ஆனால் லிங்க்கில் உள்ளவற்றையும் ஷெட்யூலில் சேர்க்கும் வசதியை ஒருவர் என்றைக்கு இயக்குகிறாரோ அன்றே அந்தக் கட்டங்கள் வெறுமையாக வரும். லிங்க்கை பைண்ட் செய்து உங்கள் மாடலோடு சேர்க்கும் நாளிலும் இதுவே நடக்கும். ஆகவே இந்த விலக்கை நம்புவதானால், கட்டுமான வரைபடம் வரைக்கும் அந்த மாடல் தனியாகவே இருக்கும் என்பதை உறுதி செய்துகொண்டு நம்புங்கள்.

உங்களை நான் முக்கியமாக எச்சரிக்க விரும்புவது மாடலிங் வேலையைக் கைமாற்றிவிடும் இடைத்தரகர்களைப் பற்றி. கோப்பு தொலைந்துவிட்டால் பழைய பெயரையே தட்டச்சு செய்து புதிதாக உருவாக்கித் தருகிறார்கள். பெயர் அதேதான், குறியீடு புதிது, உங்கள் டேக் செத்துவிடும். தொலைந்த கோப்பை மீட்க நேர்வழி இருக்கிறது: ஃபேமிலியில் அந்தப் பாராமீட்டரைத் தேர்ந்து எக்ஸ்போர்ட் செய்தால், பழைய குறியீட்டோடே புதிய கோப்பில் எழுதப்படும். சில நிமிட வேலைக்குச் சோம்பி அடுத்தவர் தலையில் சில வார வேலையைக் கட்டுகிறார்கள். 'ஸ்டாண்டர்டு ஃபேமிலி பேக்' என்று விலைக்கு விற்பவர்களிடமும் பாராமீட்டர் கோப்பைச் சேர்த்துக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

மென்பொருளும் இதில் உதவுவதில்லை. எந்தக் கோப்பு இயங்குகிறது என்பது திட்டத்தில் அல்ல, ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாகப் பதிவாகிறது. ஒரே பெயரில் இரண்டாவது பாராமீட்டர் நுழையும்போது ஓர் எச்சரிக்கைகூட வருவதில்லை. கட்டடத் தகவல் மேலாண்மைக்காக 2018-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலையின் இரண்டாம் பகுதி, பகிர்ந்துகொள்ள வேண்டிய வளங்களை வேலைக்கு ஆள் அமர்த்தும் முன்பே திட்டத்தின் உரிமையாளர் தரப்பு தயார் செய்ய வேண்டும் என்கிறது. இருந்தும், பக்கம் பக்கமாக எழுதப்படும் பிம் (கட்டடத் தகவல் மாடலிங்) செயல்திட்டங்களில் இந்தக் கோப்பைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. அதை எழுதச் சொல்லிக் கேட்பவரைத்தான் தாமதப்படுத்துபவர் என்கிறார்கள்.

நீங்கள் அந்த வரியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோப்பில் புதிய பாராமீட்டரைச் சேர்க்கும் உரிமை உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். மற்ற நிறுவனங்களுக்கு வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கதவு நிறுவனத்துக்கு அடுத்த தவணையைத் தருவதற்கு முன், திருத்திய ஃபேமிலி ஒன்றை உங்கள் டேக் சரியாக வாசிக்கிறதா என்று வெற்றுத் திட்டத்தில் ஏற்றிச் சோதித்துவிடுங்கள்.