மூன்று எலி, இருபதாயிரம் செல்

அன்புள்ள ஐயா,

எலிகளின் நோயெதிர்ப்புச் செல்களில் சிங்கிள் செல் ஆர்என்ஏ தரவுகளை (ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்ற கணக்கு) அலசுவதுதான் என் முனைவர் பட்ட வேலை. ஐரோப்பாவில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, தேடுகிறேன். எட்டு மாதத்தில் 60 விண்ணப்பம், இரண்டே நேர்காணல். மெஷின் லேர்னிங் சான்றிதழ் ஒன்று வாங்கினால் உதவுமா? எங்கெல்லாம் தேடலாம்? சிவி இணைத்துள்ளேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

சான்றிதழ் வேண்டாம்.

எட்டு மாதம் மறுப்புக் கடிதங்களாகவே படிப்பது எவரையும் கரைத்துவிடும். அதனால் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு, பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்டிஸ், பிரிட்டனின் கேட்வே டு ரிசர்ச் ஆகிய இரண்டு இணையத் தரவுத்தளங்களிலும் யாருக்கு, எந்த ஆய்வுக்கு, எப்போது நிதி கிடைத்தது என்று எவரும் தேடலாம். ஈஆர்சி (ஐரோப்பிய ஆய்வு மன்றம்) ஸ்டார்ட்டிங் கிராண்ட் என்ற நிதியை வாங்கியவருக்கு ஐந்தாண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும். ஆள் எடுக்காமல் அவருக்கு வேலை நகராது. அப்படி ஆறு பேருக்கு எழுதினால் போதும்.

இனி உங்கள் சிவி. சில நாட்களாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது: "மூன்று நோயுற்ற எலிகள், மூன்று நலமான எலிகள், 20,000 செல்கள், 1,400 ஜீன்களில் மாற்றம்." புள்ளியியல் தெரிந்தவர் அந்த வரியோடு கோப்பை மூடியிருப்பார். உங்கள் மாதிரி எண்ணிக்கை 20,000 இல்லை ஐயா, மூன்றுக்கு மூன்று! ஒரே எலியின் செல்கள் ஒரே உடம்பில் வளர்ந்தவை, ஒரே குழாயில் பிரித்தவை. ஒரு வீட்டில் நூறு தடவை கேட்டுவிட்டு ஊரே சொல்கிறது என்பீர்களா? பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) அபத்தமாகச் சிறுத்தது அதனால்தான். நீங்கள் ஓட்டும் சூரா மென்பொருளின் ஃபைண்ட்மார்க்கர்ஸ் கட்டளை செல்லைத்தான் அலகாக எடுக்கும். எலி எத்தனை என்று அது கேட்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு செல் வகையிலும் எலிவாரியாக ஜீன்களின் மூல எண்ணிக்கைகளைக் கூட்டுங்கள். சூடோபல்க் என்பது அவ்வளவுதான். வகைக்கு ஆறு நெடுவரிசை வரும், அதை ஜீன் வித்தியாசம் பார்க்கும் டெசீக்2 மென்பொருளில் கொடுங்கள். நார்மலைஸ் செய்த எண்களைக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு முழு எண்கள்தான் வேண்டும். ஓர் எலியில் பத்துச் செல்கூடத் தேறாத வகையை விட்டுவிடுங்கள். நோயுற்றவை எல்லாம் திங்களன்றும் நலமானவை எல்லாம் செவ்வாயன்றும் லைப்ரரி (வரிசைப்படுத்தத் தயாரிக்கும் மாதிரி) ஆகியிருந்தால் நாளின் விளைவையும் நோயின் விளைவையும் பிரிக்கவே முடியாது. தொகுதி வேறுபாட்டைச் சரிக்கட்டும் ஹார்மனி மென்பொருளை ஓட்டினால் படம் அழகாகும், குழப்பம் அப்படியே இருக்கும்.

1,400 ஜீன் நூறுக்குள் சுருங்கலாம். கலங்க வேண்டாம், சிவியில் அதைப் போடுங்கள். எப்படிச் சுருங்கியது என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மாரி கியூரி போஸ்ட்டாக் உதவித்தொகை பற்றியும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் போகிற நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.

அந்த ஆறு பேருக்கும் எழுதும்போது, அவரவர் ஆய்வகம் ஜியோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் போட்ட தரவையே எடுத்து மேலே சொன்னபடி செய்து, ஒரே ஒரு படம் இணையுங்கள். எல்லாரும் பயிற்சிக்குச் செய்யும் அந்த 2,700 ரத்தச் செல் படம் வேண்டாம். அவர் கட்டுரையில் தப்பு கண்டுபிடித்ததாகவும் எழுதிவிடாதீர்கள்.