தையல் பிரித்த பிறகு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு என் கணவர் பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டார். இப்போது நடக்கிறார், பேசுகிறார், ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். காலையில் சொன்னது மாலையில் நினைவில்லை. குளிக்கக்கூட எழுவதில்லை. சோம்பேறித்தனமா? புகுந்த வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே போய் விசாரிப்பது? வல்லாரை லேகியம் தரலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

லேகியத்தை விடுங்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தராதீர்கள்.

என் தாய்மாமா மளிகைக்கடைக்காரர், மனக்கணக்கில் புலி. தலையில் அடிபட்டு வீடு திரும்பியவர் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பார். "குளிக்கக் கூடாதா?" என்று அத்தை கத்துவார், மாமா அசையமாட்டார். "எழுந்திருங்க. துண்டை எடுங்க. மோட்டாரைப் போடுங்க" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் ஒழுங்காகக் குளித்துவிட்டு வருவார். ஊரே திமிர் என்றது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால் ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவதும் கோபத்தை அடக்குவதும் கஷ்டம். கை கால் நன்றாக இருப்பதால் நாம்தான் ஏமாந்துபோகிறோம். ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடாது. மிக்சி ஓடும்போது யாராவது பேசினால் மாமா டம்ளரை எறிவார். நிறுத்திவிட்டுப் பேசினால் எறியமாட்டார். இதை எந்த டாக்டரும் அத்தைக்குச் சொல்லவில்லை. நாலைந்து டம்ளர் நசுங்கிய பிறகு அவரே கண்டுபிடித்தார். நீங்களும் எப்போது கோபம் வருகிறது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நீங்கள் மறைப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கால் முறிந்திருந்தால் மறைப்பீர்களா? மாமியாரையும் கொழுந்தனாரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "பெண்டாட்டி சரியில்லை" என்று அவர்களாகவே முடிவுகட்டுவார்கள். நீங்கள் ஒருநாளாவது நிம்மதியாகத் தூங்க மாற்று ஆள் வேண்டாமா, அம்மா?

சரி, நீங்கள் கேட்டது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனையின் நரம்பியல் உளவியல் பிரிவில் நினைவுக்கும் கவனத்துக்கும் பயிற்சி தருகிறார்கள். வேலூர் பக்கமென்றால் சிஎம்சி மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையம். 1966இல் அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலைபார்த்தவர். உங்களைப் போன்ற பெண்கள் அங்கே பெஞ்சில் காத்திருப்பார்கள்; பேச்சுக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், அந்த நோட்டு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். டாக்டர் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் உங்கள் கணவர் சொல்வார். அறைக்குள் நீங்களும் கூடவே இருங்கள்.