காண்ட்ரா நடனத்தில் வரிசை கலைகிறதா? மேலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மாசசூசெட்ஸில் எங்கள் ஊர் அரங்கில் காண்ட்ரா நடனத்துக்கு (ஜோடிகள் நீள வரிசைகளில் எதிரெதிரே நின்று ஆடும் நாட்டுப்புற நடனம்) காலராக, அதாவது அசைவுகளைச் சொல்லி நடத்துபவராக, நின்று பழகுகிறேன். வரிசை சேர்க்கவே நேரம் போய்விடுகிறது. நால்வர் நால்வராகப் பிரியும்போது மறுபடி குழப்பம். என்ன செய்யலாம்?

பதில்: நடனம் முடிந்ததும் எல்லோரும் துணைக்கு நன்றி சொல்லி, அடுத்த துணையைத் தேடுவார்கள். அந்த இரைச்சலில் நீங்கள் எதை விளக்கினாலும் காதில் விழாது. "துணையோடு நீள வரிசையில் வந்து நில்லுங்கள்" என்பது மட்டும் போதும். இசைக்குழு இருக்கும் பக்கம்தான் 'மேல்'. தாமதமாக வருபவர்கள் எப்போதும் கீழ்க்கடைசியில்தான் சேர வேண்டும். நடு வரிசை மட்டும் நீண்டுவிட்டதா? கடைசி ஜோடிகளைப் பக்கத்து வரிசைக்கு இப்போதே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம்தான் 'ஹேண்ட்ஸ் ஃபோர் ஃப்ரம் தி டாப்'. மேலே உள்ள முதல் இரு ஜோடிகள் கைகோத்து வட்டமாவார்கள், பிறகு அடுத்த இரு ஜோடிகள், இப்படியே கீழே வரை. புதிய காலர்கள் பலர் இதைச் சொன்ன கையோடு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். கடைசி வட்டம் கைகோக்கும் வரை கண்ணை அங்கேயே வையுங்கள். அதற்குள் மூன்றாவது இடத்தில் ஒரு ஜோடி நுழைந்தால், அதற்குக் கீழே அத்தனை பேருக்கும் 'ஒன்று', 'இரண்டு' மாறிப்போகும். உங்கள் குழப்பத்தின் வேர் இதுவாகத்தான் இருக்கும். அப்படி நடந்தால் ஆங்காங்கே ஒட்டுப்போட வேண்டாம், மேலிருந்து மறுபடி எண்ண வையுங்கள். அரை நிமிட வேலைதான்.

வட்டத்தில் மேலே இருப்பவர்கள் 'ஒன்று', கீழே இருப்பவர்கள் 'இரண்டு'. இம்ப்ராப்பர் என்ற அமைப்பில் ஆடும் நடனமென்றால் 'ஒன்று' ஜோடி மட்டும் துணையோடு இடம் மாறும். ஒவ்வொரு ஜோடியிலும் லார்க், ராபின் என இரு பங்குகள் உண்டு; லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம் வந்துவிட்டார்களா பாருங்கள். பெக்கெட் என்ற அமைப்பென்றால், இதே இடமாற்றம் முடிந்தபின் வட்டம் இடப்பக்கமாக ஓரிடம் நகர வேண்டும். துணை பக்கத்திலேயே வந்துவிடுவார்.

ஜோடிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் இம்ப்ராப்பரில் கீழே ஒரு ஜோடி மிஞ்சும். பதறிப்போய் அவர்களும் இடம் மாறிவிடுவார்கள், பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களைப் பெயர் சொல்லாமல், கையசைத்து, "நீங்கள் மாற வேண்டாம், மேலே பார்த்து நில்லுங்கள், ஒரு சுற்று பொறுங்கள்" என்று கனிவாகச் சொல்லுங்கள். ஒரு சுற்றின் 64 தாள எண்ணிக்கை முடிந்ததும் புதிய ஜோடி ஒன்று அவர்கள் எதிரே வந்து நிற்கும்.