சுருதி நிற்காத கிடாரும் நட் மாற்றமும்: கேள்வி பதில்

எலெக்ட்ரிக் கிடாரின் நட் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. குறுக்கே ஃப்ரெட் என்ற உலோகத் தண்டுகள் பதித்த, விரல் வைக்கும் பலகையான ஃப்ரெட்போர்டு முடிந்து தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் ஆறு கம்பிகளும் படிந்து செல்லும் சிறு கட்டையைத்தான் நட் என்கிறோம். திருகாணியோடு வரும் நட்டைத் தேடி யாராவது வந்திருந்தால் மன்னிக்கவும்.

கோவையிலிருந்து: லெஸ் பால் வகைக் கிடார் வைத்திருக்கிறேன். ஜி கம்பி மட்டும் இரண்டு பாட்டுக்குள் சுருதி விலகிவிடுகிறது. கம்பியை முறுக்கும் ட்யூனிங் கீ ஆறையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா அண்ணா?

இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு சோதனை. ஜி கம்பியை வலுவாக இழுத்து வாசித்துவிட்டு விடுங்கள். சுருதி இறங்கியிருந்தால், நட்டுக்கும் கீக்கும் இடையில் இருக்கும் கம்பித் துண்டை விரலால் ஒருமுறை அழுத்தி எடுங்கள். சுருதி பழைய இடத்துக்குத் திரும்பினால் கீயின் மேல் குற்றமில்லை. இழுக்கும்போது நட்டைத் தாண்டி வந்த கம்பி, பள்ளத்தில் சிக்கித் திரும்பிப் போக முடியாமல் நிற்கிறது என்று பொருள். கீயைத் திருகும்போது சுருதி காட்டும் ட்யூனரின் முள் அசையாமல் நின்று, பிறகு ‘டிங்’ என்ற ஓசையோடு தாவுகிறதா என்றும் பாருங்கள். அதுவும் இதே நோய்தான்.

ஜி கம்பி மட்டும் ஏன் என்றால், இந்த வகைக் கிடாரில் கீகள் பக்கத்துக்கு மூன்றாக இருக்கின்றன. நடுவில் உள்ள டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் அதிகமாக வளைகின்றன. தலைப்பகுதியும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. லெஸ் பாலைத் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தின் பல கிடார்களில் அந்தச் சாய்வு 17 டிகிரி. இரண்டு வளைவும் ஒரே இடத்தில் சேர்வதால் உராய்வு கூடுகிறது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பிகள் நேராகப் போவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

மதுரையிலிருந்து: பென்சில் கரி தடவினால் போதும் என்கிறார்களே, உண்மையா?

பல நேரங்களில் போதும். கம்பியைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கிவிட்டு, 4பி போன்ற மென்மையான பென்சிலைக் கூராக்கிப் பள்ளத்தில் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஆனால் பள்ளமே குறுகலாக இருந்தால் கரி உதவாது. 9–42 கம்பி செட்டிலிருந்து தடித்த 11–49 செட்டுக்கு மாறியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாழ் ஈ கம்பி அங்குலத்தின் ஆயிரத்தில் 42 பங்கிலிருந்து 49 பங்காகத் தடிக்கிறது, பள்ளமோ பழையதுதான். அதற்கு அரம்தான் வழி. பள்ளம் சற்று அகலமானாலே பாதிப் பேருக்கு நட் மாற்றும் வேலையே இருக்காது.

சேலத்திலிருந்து: எலும்பு, டஸ்க் என்ற செயற்கைத் தந்தம், பித்தளை இவற்றில் எதை வாங்குவது?

நன்றாக வெட்டிய பிளாஸ்டிக் நட், மோசமாக வெட்டிய எலும்பு நட்டைவிட மேல். விலை குறைந்த கிடார்களில் உள்ளே வெற்றாக இருக்கும் பிளாஸ்டிக்கைப் போட்டிருப்பார்கள். அதை மட்டும் தூக்கி எறியலாம். கிராஃப் டெக் நிறுவனத்தின் டஸ்க் எக்ஸ்எல் வகையில் டெஃப்ளான் கலந்திருப்பதால் கம்பி தானாக வழுக்கும். சுருதிதான் உங்கள் கவலை என்றால் அதையே வாங்குங்கள். ஓசை மாறுமா என்ற வாதத்தில் நான் இறங்குவதில்லை. ஃப்ரெட்டில் விரல் வைத்த நொடியே நட்டுக்கு அந்தக் கம்பியின் ஓசையில் பெரிய பங்கு இல்லாமல் போய்விடுகிறது.

திருநெல்வேலியிலிருந்து: பழைய நட்டை உடைக்காமல் எடுப்பது எப்படி?

நட் உடைந்தால் பரவாயில்லை, மரம் உடையக் கூடாது. நட்டைச் சுற்றிலும் கூர்மையான பிளேடால் கீறி வார்னிஷை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நட்டோடு சேர்ந்து பெயிண்டும் பெயர்ந்து வரும். லெஸ் பால் வகையில் ஃப்ரெட்போர்டு பக்கம் ஒரு சிறு மரக்கட்டையை வைத்துத் தலைப்பகுதியை நோக்கி மெதுவாகத் தட்டினால் பசை விட்டுவிடும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் அப்படித் தட்டவே கூடாது. அங்கே நட் மரத்தில் வெட்டிய ஒரு காடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தட்டினால் அதன் முன்னால் உள்ள மெல்லிய மரம் பிய்ந்து போகும். பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். வராவிட்டால், நட்டின் நடுவே நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, இரண்டு பாதிகளையும் குறடால் உட்பக்கமாக நெருக்குங்கள்.

புது நட்டை ஒட்ட இரண்டு சொட்டு மரப்பசை போதும். பின்னொரு நாள் அதையும் யாராவது கழற்ற வேண்டியிருக்கும்.

சென்னையிலிருந்து: பள்ளம் வெட்டியே வரும் நட்டை வாங்கினேன். அப்படியே வைத்துவிடலாமா சார்?

வைக்கலாம், ஆனால் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது. முதலில் அடிப்பாகத்தைச் சமதளத்தில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து உயரத்தைக் குறையுங்கள். பிறகு ஒவ்வொரு பள்ளமாகப் பாருங்கள்.

பள்ளத்தின் அகலம் கம்பியின் தடிமனைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். அடிப்பகுதி கம்பியைப் போலவே உருண்டிருக்க வேண்டும். கீயை நோக்கிப் பள்ளம் சரிந்து இறங்க வேண்டும். அதே சமயம் தலைப்பகுதியின் சாய்வைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறங்க வேண்டும். கம்பி கடைசியாகத் தொடும் இடம் ஃப்ரெட்போர்டை ஒட்டிய விளிம்பாக இருக்க வேண்டும். அது பின்னுக்குப் போய்விட்டால், தம்புராவின் குதிரையில் நூல் வைத்ததுபோல் கம்பி ரீங்கரிக்கும். தம்புராவுக்கு அது அழகு, கிடாருக்கு அல்ல.

சுருதிக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, டி, ஜி பள்ளங்களின் பின்பாதியை அந்தந்தக் கீ இருக்கும் திசைக்குச் சற்று விரித்து விடுவது. கூர்மையான மூலையில் உரசாமல் கம்பி வளைந்து போக அது இடம் கொடுக்கும். கடையில் வாங்கும் நட்டில் பெரும்பாலும் இது இருக்காது.

நட்டுக்கென்றே விற்கும் அரங்கள் விலை அதிகம். ஒரே ஒரு கிடாருக்கு என்றால், கேஸ் வெல்டிங் முனையைச் சுத்தம் செய்யும் கம்பி அரங்களின் தொகுப்பை இரும்புக் கடையில் கேளுங்கள். எலும்பைத் தேய்ப்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். தூசும் கெடுதல், நாற்றமும் பொறுக்காது.

ஈரோட்டிலிருந்து: ஒரு பள்ளம் ஆழமாகிவிட்டது. கம்பி முதல் ஃப்ரெட்டில் இடிக்கிறது.

சமையல் சோடாவைப் பள்ளத்தில் அடைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்கள், கல்லாக இறுகிவிடும். பிறகு மறுபடி அரத்தால் வெட்டுங்கள். புது நட் வரும்வரை தாங்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை அசைக்கும் ட்ரெமோலோ கைப்பிடியை நிறையப் பயன்படுத்துகிறேன். ஃப்ளாய்ட் ரோஸ் பூட்டு நட் போட்டுவிட்டால் தொல்லை தீருமா?

தீரும். கம்பியை நட்டிலேயே இறுக்கிப் பூட்டிவிடுவதால் உராய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதற்குக் கழுத்து மரத்தை வெட்ட வேண்டும். அதன்பின் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிதல்ல. கைப்பிடியைக் கீழே அழுத்திக் கையை எடுத்ததும் சுருதி ஏறி நிற்கிறது என்றால் முதலில் நட்டின் பள்ளங்களைச் சரிசெய்து பாருங்கள். அப்படி ஏறுவது நட்டில் சிக்கும் கம்பியின் அடையாளமாக இருக்கலாம்.

புதுச்சேரியிலிருந்து: நட் மாற்றியபின் சுருதி நிற்கிறது. ஆனால் எஃப் கார்டு மட்டும் பிசிறுகிறது. மறுமுனையில் கம்பி படியும் சேடிலை நகர்த்தலாமா?

சேடிலைத் தொடாதீர்கள். முதல் ஃப்ரெட்டில் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, மறுபடி சுருதி சேர்த்து, அடுத்த சில ஃப்ரெட்டுகளில் கார்டு பிடித்துப் பாருங்கள். இப்போது சுத்தமாக ஒலித்தால் நட் உயரமாக இருக்கிறது. கீழே அழுத்தும்போது கம்பி அதிகமாக நீண்டு சுருதி ஏறுகிறது. மூன்றாம் ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் அரத்தை எடுங்கள், தாழ் ஈ-யிலிருந்து தொடங்குங்கள். மேல் ஈ-க்குக் கடைசியாக வாருங்கள். மெல்லிய அரம் நினைப்பதற்குள் உள்ளே இறங்கிவிடும், அதற்குள் கை பழகியிருக்க வேண்டும்.